ஒரு செல் போதும்

அப்புசாமி பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மேஜைமேல் இருந்த ரிசீவர் பெட்டியில் விளக்கு எரியவில்லை.

"இதுக்குக் காது கேக்காதாட்ட இருக்குதுங்க அம்மணி."

விடாமல் அமுக்கிப் பிடிக்கச் சொன்னாள் மோகனப்பிரியா. கொஞ்சம் பொறுத்து விளக்கு எரிந்தது.

பீளமேட்டில் வீட்டின் பின்னறைதான் அவள் பட்டறை. இந்தப் பெட்டியைக் கிணற்றுக்கு ஒன்றாக வைத்துவிட்டால், மோட்டார் ரூமில் இருந்தபடியே பட்டனை அமுக்கி, எந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுக்கொள்ளலாம். கம்பி வேண்டாம், கரண்டும் வேண்டாம். கோயமுத்தூருக்குப் பேஜரே அப்போதுதான் வந்திருந்தது. அவிநாசித் தோட்டக்காரர் அப்புசாமிக்கு வாயெல்லாம் பல்.

ஒரே ஒரு பேட்டரி செல்லில் எப்படி வருடம் முழுக்க ஓடும் என்று கேட்டார்.

பெரும்பாலும் அது தூங்கும் என்றாள். நடுநடுவே கண நேரம் விழித்து, யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். அது விழிக்கும்வரை, கூப்பிடுகிறவர் விடாமல் கூப்பிட வேண்டும். முன்பெல்லாம் இதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமை தாங்காது.

எல்லாக் கிணற்றுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு எழுந்தவர், திரும்ப உட்கார்ந்தார். வீட்டில் மனைவி இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறாராம். கட்டிலில் ஒரு பட்டனும் தோட்டத்தில் ஒரு பெட்டியும் இருந்தால், கூப்பிட்டதும் ஓடிவரலாமே என்றார்.

அதற்கு மட்டும் தர மாட்டேன் என்றாள். கம்பி இழுத்து ஒரு காலிங்பெல் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

அமுக்கிப் பிடிக்க நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார் அவர்.

நானும் சொல்லித்தான் கொடுத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

முதன்முதலாகச் செய்த பெட்டி அலமாரியில் இருந்தது. போன வருடம், நெஞ்சுவலி வந்து படுத்த அம்மாவுக்காகச் செய்தது. பட்டன் அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில். பெட்டி இதே மேஜையில், அவள் கைக்கெட்டும் தூரத்தில்.

மறுபடி வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அவள் மடியில் கிடந்தபடி அம்மா கடைசியாகப் பேசினாள்.

"ஒருக்கா அமுக்குனேன். நீ சோலியா இருப்பீன்னு உட்டுப்போட்டேன் கண்ணு."

மேஜைக்குப் பின்னால் சுவரிலேயே கரண்ட் பிளக் இருக்கிறது. அதில் சொருகியிருந்தால் பெட்டி தூங்கவே வேண்டியிருந்திருக்காது. ஒரு செல் வருடம் முழுக்க வருமா என்று பார்க்க அவளுக்குத்தான் ஆசை.

வந்தது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.