சவலைச் செடிகள்

பசுமைக்கூடத்தின் கதவைத் திறந்த சபிதா அப்படியே நின்றுவிட்டாள். முன்வரிசைத் தொட்டிகளில் வெறும் மண்தான் இருந்தது.

பக்கத்தில் அவள் கணவன் மகேஷ்குமார். கையெல்லாம் மண். பாராட்டுக்குக் காத்திருக்கும் முகம்.

"ஒனக்க செடியில பாதி சவலையால்லா நிக்கி! எல்லாத்தையும் பறிச்சாச்சு. இனி பாரு, மத்தது எப்பிடித் தழைக்குன்னு."

அந்தச் சவலைகளுக்காகத்தான் மூன்று வருட உழைப்பு. மண்ணில் மக்கிப்போகும் பிளாஸ்டிக்கை இலைக்குள்ளேயே விளைவிக்க, மரபணு மாற்றிய புகையிலைச் செடிகள். தின்பதையெல்லாம் பிளாஸ்டிக்காக்கிவிட்டால் செடி எதைக் கொண்டு வளரும்? குட்டையாக, வெளிறித்தான் நிற்கும். மதமதவென்று உயர்ந்து நின்றவை ஒப்பிட்டுப் பார்க்க வைத்த சாதாரணப் புகையிலை.

திங்கட்கிழமை நிபுணர் குழு வருகிறது. காட்டுவதற்குச் செடி இல்லையென்றால் ஆராய்ச்சியையே இழுத்து மூடிவிடுவார்கள்.

சுசீந்திரத்து வயல்காரனைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். நாற்றைக் கண்டால் கை சும்மா இராது. 'ஒருநாளாவது வந்து பாருங்க' என்று மூன்று வருடமாகக் கெஞ்சியதும் அவள்தான். வந்தான். அவளுக்கு அரைமணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டான்.

"பறிச்சதெல்லாம் எங்க?"

காவலர் ராஜகுமார் வாசலில் இருந்து பெருமையாகச் சொன்னார். "அப்பவே நீராவியில போட்டு அவிச்சாச்சு மேடம். பறிச்ச செடி உயிரோட வெளிய போகக்கூடாதுன்னு நீங்கதான எழுதி ஒட்டியிருக்கிய?"

ஒட்டி ஒரு வருடமாகிறது. அதை அவர் மதித்தது இன்றைக்குத்தான்.

இருவரையும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். விஷயம் புரியப் புரிய மகேஷ்குமாரின் முகம் சுருங்கியது. உள்ளே போய், உயரச் செடிகளின் மறைவிலிருந்து ஒரு தொட்டியைத் தூக்கி வந்தான். இருந்ததிலேயே குட்டையான சவலை.

"இத மட்டும் ஏன் விட்டிய?"

அவன் கழுத்தைச் சொறிந்தான்.

"பறிக்கத்தான் போனேன். சாண் உயரத்துல, மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு, அப்பிடியே ஒன்ன மாதிரி நின்னுச்சுட்டி. கை வரல்ல."

ராஜகுமார் அவசரமாக வெளியே போனார்.

குழுவுக்குக் காட்ட ஒரு செடி போதும். அதன் ஓர் இலையின் திசுவிலிருந்தே ஆய்வகத்தில் நூறு செடிகளை வளர்த்துவிடலாம்.

அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. ரெண்டு நாள் கிடந்து தவிக்கட்டும்.