மாமனாரின் எட்டாயிரம் காலடிகள்

“உங்க மாமனார் நம்மள ஏமாத்துறார் மேடம்” என்றான் புரோகிராமர்.

நடந்தால் மட்டுமே புதையல் கிடைக்கும் மொபைல் விளையாட்டு அது. வடிவமைத்தவள் அவள். வெளியிடும் முன் ஆடிப் பார்க்கும் இருபது பேரில் அவளுடைய மாமனாருக்குத்தான் முதலிடம்.

“தினம் எட்டாயிரம் ஸ்டெப். ஆனா ஆறடி மனுஷன் வைக்கிற எட்டா இது? இத்துனூண்டு! போனை வேற யார்கிட்டயோ குடுத்தனுப்புறார்.”

“இருக்கட்டும்.”

“என்ன இருக்கட்டும்? சர்க்கரை முந்நூறு, நடக்கலைன்னா ஊசிதான்னு டாக்டர் சொன்னதா நீங்கதானே புலம்புனீங்க? உங்க தெருவைச் சுத்தியே புதையல் வைக்கச் சொல்லி என் உயிரை வாங்கினீங்க. மனுஷன் சோபாவுல சாய்ஞ்சுக்கிட்டே ஜெயிக்கிறார். பேரை எடுத்துடவா?”

“தொட்டே, நான் பொல்லாதவளாயிடுவேன்.”

அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவளுடைய போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மாமியாருக்கு மூச்சு வாங்கியது.

“உன் மாமனாருக்கு வேற வேலையே இல்லியாம்மா? பூங்காகிட்ட ஒரு புதையல் இருக்காம், எடுத்துட்டு வான்னு மறுபடியும் போனைக் குடுத்துத் துரத்திட்டார். எனக்குன்னு பத்தடி நடக்க நேரமில்லை, இவருக்காக ஊரைச் சுத்துறேன்!”

“கொஞ்சம் பொறுத்துக்குங்க அத்தை. டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சா?”

“வந்துச்சு. என் சர்க்கரை நூத்தி நாப்பதுக்கு இறங்கிடுச்சாம். மாத்திரை வேலை செய்யுது போல.”

போனை வைத்துவிட்டு அவள் புரோகிராமரிடம் திரும்பினாள்.

“நாளைக்குப் பூங்காவைத் தாண்டி இன்னும் ரெண்டு புதையல் வை.”