ஆவி சர்ட்டிபிகேட்

உக்காருங்க, உக்காருங்க! யாருப்பா அது, நாற்காலிய இழுத்துக்கிட்டே பேசுறது? செத்தவங்களே வாயைத் திறக்காம இருக்காங்க, உங்களுக்கு என்ன அவசரம்? கம்முனு இருந்தாத்தான் கதை.

செத்தவங்களோட பேசி வைக்கிறேன்னு ஒருத்தர் போர்டு மாட்டணும்னா, முதல்ல சங்கத்துல சர்ட்டிபிகேட் வாங்கணும். மனசு உடைஞ்சு வர்றவங்கள எவனும் ஏமாத்திடக் கூடாதுன்னுதான் சங்கம். நல்ல எண்ணந்தான். ஆனா தலைவர் இருக்காரே, இன்னி வரைக்கும் ஒருத்தருக்கும் கையெழுத்துப் போட்டதில்ல. அதுல அவருக்கு ஒரு பெருமை வேற.

அவரு வச்ச பரீட்சை அப்படி. சங்கத்துல ஃபைல் தூக்குற சைலன்சரை எதிர்ல உக்கார வைப்பாரு. வாயே திறக்க மாட்டான், அதான் அந்தப் பேரு. "எங்க அண்ணன் போயிட்டாரு, பேசணும்"னு சொல்லிட்டு உக்காந்திருக்க வேண்டியது. அவ்வளவுதான் அவன் வேலை.

அண்ணன்காரன் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கான்! ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு.

வந்தவங்க எல்லாம் மாட்டினாங்க. ஒருத்தர் கண்ணைச் செருகிக்கிட்டு அடித்தொண்டையில, "தம்ம்ம்பீ... இங்க ஒரு குறையுமில்லடா"ன்னாரு. இன்னொருத்தங்க, "உங்கண்ணன் இப்ப குளிச்சுக்கிட்டு இருக்காராம், அப்புறம் பேசுறாராம்"னாங்க. தலைவர் வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிப்பாரு. அப்புறம் வாசலைக் காட்டுவாரு.

"பாவம் சார், அந்தப் பையனையே ஏன் உக்கார வைக்கிறீங்க?" செயலாளர் மேடம் ஒருநாள் கேட்டாங்க.

"அவன் என்ன பொய்யா சொல்றான் மேடம்? அவங்கம்மா செத்த அன்னிக்கு லேட்டா வந்தான்னு அண்ணன்காரன் எல்லார் முன்னாடியும் கை நீட்டிட்டான். 'இனிமே நீ எனக்குச் செத்துட்டே'ன்னு இவனும் சொல்லிட்டு வந்துட்டான். வருசக்கணக்கா பேச்சுவார்த்தை இல்ல. மூஞ்சியும் எப்பவும் எழவு வீடு மாதிரியே இருக்கும். நமக்கு வசதியாப் போச்சு!"

அன்னிக்கு வந்தது இஸ்திரிக்கடை அக்கா. முன்னாடி இஸ்திரி, பின்ரூம்ல ஆவி. இஸ்திரிப்பெட்டிய மட்டும் நம்பினா வீட்ல அடுப்பு எரியாது. சர்ட்டிபிகேட் இல்லேன்னா பின்ரூமைப் பூட்டணும்னு சங்கம் சொல்லிடுச்சு.

சைலன்சர் பாடத்தை ஒப்பிச்சான். "எங்க அண்ணன் போயிட்டாரு. பேசணும்."

"சரிங்க தம்பி. கூப்பிடுங்க."

"நானா?"

"பின்ன? நான் கூப்பிட்டா அவரு ஏன் வரணும், என்னைத் தெரியுமா அவருக்கு? எங்கிட்ட வர்றவங்க எல்லாரையும் இதான் சொல்லுவேன். வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்க."

இது பாடத்துல இல்லாத கேள்வி. சைலன்சர் முழிச்சான். தலைவர், கூப்பிட்டுத் தொலைடான்னு கண்ணைக் காட்டினாரு.

"அண்ணன்..."

"அது வெளியாளுங்ககிட்ட சொல்றது. நேர்ல பாத்தா எப்படிக் கூப்பிடுவீங்க?"

"...அண்ணே."

"எனக்கே கேக்கல. அவருக்கு எங்கேருந்து கேக்கும்?"

"அண்ணே!"

குரல் பாதியில உடைஞ்சு போச்சு. அப்புறம் பொலபொலன்னு கண்ணுல தண்ணி. 'பய என்னமா நடிக்கிறான்!'னு தலைவர் மனசுக்குள்ள மெச்சிக்கிட்டாரு.

அக்கா கண்ணை மூடிக் காத்திருந்தாங்க. தலைவர் நாற்காலி நுனிக்கே வந்துட்டாரு. இதோ வரப்போகுது பாரு, அடித்தொண்டையில ஒரு தம்ம்ம்பீ...

அக்கா கண்ணைத் திறந்தாங்க. "வரலீங்க தம்பி."

"என்னம்மா?" தலைவர் பதறிட்டாரு.

"ஒண்ணுமே கேக்கலீங்க ஐயா. கேக்காததக் கேட்டேன்னு எப்படிச் சொல்றது?" அக்கா சைலன்சர் பக்கம் திரும்பினாங்க. "ஆனா தம்பி, இப்படிக் கூப்பிட்டா எந்த அண்ணன் வராம இருப்பாரு? அந்தப் பக்கம் போயிருந்தா விழுந்தடிச்சு ஓடி வந்திருப்பாரு. எதுக்கும் வீட்லயே இருக்காரான்னு ஒருதடவை பாத்துடுங்களேன்."

மேடம் மேசையைத் தட்டினாங்க. "சார்! அக்கா பாஸ்!"

தலைவர் மூஞ்சி தொங்கிப் போச்சு. "எப்படி பாஸு? இந்தம்மாவுக்குத்தான் யாருமே வரலியே. வரவழைக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கு சர்ட்டிபிகேட்?"

"உசுரோட இருக்கிற மனுசன் எப்படி சார் ஆவியா வருவாரு? வந்தாருன்னா பொய்யி, வரலன்னா தொழில் தெரியல. நல்லாருக்கே உங்க பரீட்சை!"

உசுரோடயா? அக்கா வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"ரூல்னா ரூல் மேடம்! செத்துப் போனவரோட ஒரு வார்த்தையாவது பேச வைக்கணும். இந்தம்மா இங்க யாரைப் பேச வச்சாங்க? காட்டுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

அக்கா பையை எடுத்துக்கிட்டு எழுந்தாங்க. பின்ரூம் போச்சு.

இவ்வளவு சண்டையில சைலன்சரை யாரும் கவனிக்கல. அவன் நாற்காலியில இல்ல. ஜன்னலோரமா, சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டு, காதுல போன். தோள் ரெண்டும் குலுங்குது.

மெதுவா திரும்பினான். மூக்கைச் சட்டைக் கையில துடைச்சுக்கிட்டு வந்தான். போனைத் தலைவர் முன்னாடி நீட்டினான்.

"எனக்குச் செத்துப் போயிருந்தவரு லைன்ல இருக்காரு சார். 'சாப்ட்டியாடா'ன்னு கேக்குறாரு. கையெழுத்துக்கு இது போதுமா, இல்ல நீங்களும் ஒரு வார்த்தை பேசிப் பாக்குறீங்களா?"