வண்டிக்கு எண்ணெய்க் குளியல்

"யம்மா, உண்மையைச் சொல்லு. இதுக்குள்ள எண்ணெய் ஊத்துனியா?"

வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான் சுடலைக்குமார். உள்ளே இருந்த ரப்பர் பெல்ட்டிலிருந்து நல்லெண்ணெய் சொட்டியது. தகரக் கொட்டகை முழுக்கத் தோசை சுட்ட வாசனை.

"ஆயுத பூசைக்குக் கதவுக் குடுமி, தையல் மிசினு, கிணத்து உருளை எல்லாத்துக்குந்தான் விட்டேன்" என்றாள் அவன் அம்மா அழகுத்தாய். "இதுக்கு மட்டும் விடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"எவ்வளவு விட்ட?"

"ஒரு செம்பு."

"ரெண்டு சொட்டு பத்தாதா?"

"பெரிய வண்டியில்லா. மேல ஒரு குழாய் வாயைத் தொறந்துக்கிட்டு நின்னுச்சு. குடிக்கக் குடிக்க விட்டேன்."

அது உள்ளே இருக்கிற பெல்ட்டுக்குக் காற்று போகிற குழாய். சுடலைக்குமார் தலையில் அடித்துக்கொண்டான். கையிலிருந்த எண்ணெய் நெற்றியில் வழிந்ததுதான் மிச்சம்.

மலைப்பக்கத்து விடுதி ஒன்றில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு திரிந்து, பழைய விலைக்கு இவன் கைக்கு வந்த நாலு சக்கர பைக் அது. ஏ.டி.வி. என்பார்கள். பசுவந்தனைக் கரிசலில் மழை பெய்தால் டிராக்டர் புதையும். நடந்து போனால் செருப்போடு ஒரு படி மண் கூடவே வரும். இந்தத் தடித்த டயர் வண்டி மட்டும் விதைப்புக் கருவியையும் இழுத்துக்கொண்டு தாராளமாகப் போகும். கியர் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடுகிற பெல்ட்தான் அதற்கு எல்லாம். பெல்ட் உலர்ந்து இருந்தால்தான் கப்பியைப் பிடிக்கும். எண்ணெய் பட்டால் வழுக்கும்.

மழைக்காகக் காத்து நின்ற வண்டியை, மழை விழுந்த பிறகு இன்று காலைதான் எடுத்தான். உறுமித் தள்ளியது. ஓரடி நகரவில்லை.

கோவில்பட்டிக் கடைக்காரர் போனில் கையை விரித்துவிட்டார். புது பெல்ட் வர பத்து நாள் ஆகுமாம். ஈரம் அதுவரை நிற்குமா? மூன்று நாளில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துவிடும்.

"போன வருசமும் போச்சு, அதுக்கு முந்தின வருசமும் போச்சு" என்றான் சுடலைக்குமார். "இந்த விதைப்பும் தப்புனா நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு கோயமுத்தூருக்கே வந்துருதேன்னு பாண்டிச்செல்விகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

கோயமுத்தூரில் இருக்கும் மருமகள் பெயரைக் கேட்டதும் அழகுத்தாய்க்கு முகம் சிவந்தது.

"அந்த மகராணிக்கு இன்னைக்குக் கொண்டாட்டந்தான். மூணு வயசுப் பிள்ளைக்கு அப்பன் மூஞ்சிய போன்லயே காட்டிக்கிட்டுக் கெடக்கா. எல்லாம் என் தலையெழுத்து."

"அவளை எதுக்கு இப்பம் பேசுத? எண்ணெய் ஊத்துனது நீ."

"ஒனக்கு நல்லதுன்னு நெனைச்சுத்தாம்ல ஊத்துனேன்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சுடலைக்குமாருக்குக் கோபமெல்லாம் இறங்கிப் போயிற்று. பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்று இருந்தது.

"சரி, அழாத. நான் போயிட்டா உனக்கு ஆரு இருக்கா? அதுக்காகத்தான இத்தனை பாடும்."

அழகுத்தாய் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

சுடலைக்குமார் பெல்ட்டை உருவி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெடிப்பு இல்லை, கிழிசல் இல்லை. பிசுக்கு மட்டும்தான். சட்டென்று சிரித்துவிட்டான்.

"யம்மா, சீயக்காய்த்தூள் இருக்கா?"

"எதுக்குல?"

"எண்ணெய் தேச்சாச்சு. குளிப்பாட்ட வேண்டாமா?"

"அது ரப்பருல்லா. வீணாப் போயிரும்."

"இனிமே வீணாப் போக என்ன இருக்கு? கொண்டா."

சீயக்காய் டப்பா கிடைக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவன் கப்பிகளைப் பெட்ரோலால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து முடித்திருந்தான். பிறகு வாளியில் வெந்நீரை ஊற்றி, பெல்ட்டைச் சின்னப் பிள்ளைத் தலையைத் தேய்ப்பது போல விரல் விட்டுத் தேய்த்தான். மூன்று தண்ணீர் மாற்றினான். துண்டால் ஒற்றி வெயிலில் போட்டான்.

மத்தியானம் மாட்டி முடுக்கினான். சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது. கைப்பிடியைத் திருகியதும் குபுக்கென்று முன்னால் பாய்ந்து, கோழிக்கூண்டை இடித்துக்கொண்டு நின்றது.

"போகுதும்மா" என்றான். "நாளைக்குக் காலையில விதைச்சுருவேன். இப்பம் போயி விதை மூட்டையத் தூக்கிட்டு வாரேன்."

"கழுகுமலையான் கண்ணைத் தொறந்துட்டாம்ல" என்று அழகுத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். மகன் நெற்றியில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டாள். "பாத்துப் போ."

வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டி ஓயும்வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். போனை எடுத்து ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"ஏட்டி பாண்டிச்செல்வி, நீ வீடியோவுல பாத்துச் சொன்ன குழாய்லதான் ஊத்துனேன், பாவிப்பய சீயக்காயப் போட்டுக் கழுவி எடுத்துட்டுப் போயிட்டான். பொழுது விடியறதுக்குள்ள அடுத்து என்னத்த ஊத்தணும்னு சொல்லு தாயி, எம் பேத்திகிட்ட அவ அப்பன அனுப்பி வைக்காம நான் ஓய மாட்டேன்."