கை தூக்காத மாமனார்

"ஜூன் 9. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். மாமனாருக்கு விமான நிலையச் சோதனை பற்றிப் பாடம் எடுத்தேன்." இரண்டாவது விமானத்தில் மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்ததும் மாப்பிள்ளை டைரியில் இப்படித்தான் எழுதினான்.

காலையில் புறப்பட்ட நாட்டில் ஷூ, பெல்ட், கோட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். எதையும் முறையாகச் செய்கிற மாப்பிள்ளை வரிசையில் நிற்கும்போதே கழற்றித் தயாராகிவிட்டான். மாமனார்தான் தட்டின் முன்னால் நின்று தடுமாறினார். சோதனை முடிந்ததும் மாப்பிள்ளை தட்டில் கிடந்த பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

விமானம் மாறும் நாட்டில் வழக்கம் வேறு. "இங்க எதையும் கழட்ட வேண்டாம் மாமா. அந்த ஸ்கேனர் கூண்டுக்குள்ள நின்னு ரெண்டு கையையும் தூக்கினா போதும்" என்று தானே தூக்கிக் காட்டிவிட்டு வெளியே வந்தான்.

மாமனார் கூண்டுக்குள் நின்றார். கைகள் இடுப்பை விட்டு அசையவில்லை.

"கையைத் தூக்குங்க ஐயா" என்றாள் சோதனை செய்யும் பெண்.

"மாட்டேம்மா."

"மாமா, கடைசி அழைப்பு குடுத்துட்டாங்க! அங்க உங்க பொண்ணு காத்துக்கிட்டிருப்பா."

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை."

இரண்டு காவலர்கள் ஓடி வந்தார்கள். "இடுப்புல என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிக்க ஒண்ணுமில்லப்பா. கையை எடுத்தா பேன்ட் இறங்கிடும். என் பெல்ட் காலையிலேருந்து மாப்பிள்ளை இடுப்புல இருக்கு. கழட்டிக் குடுங்கன்னு மாப்பிள்ளைகிட்ட எந்த வாயால கேக்கறது?"

மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். பிறகு கைப்பையைத் திறந்தான். காலையில் முன்யோசனையோடு கழற்றி வைத்த அவனுடைய பெல்ட் அதற்குள் சமர்த்தாகச் சுருண்டு கிடந்தது.

டைரியில் கடைசி வரி: "நாளை வேலை: என் பெல்ட்டில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்ட வேண்டும்."