இடது பக்க பல்பு

கியர் 'பார்க்'கை விட்டு நகர மறுத்தது.

டோரீன் பிரேக்கை மிதித்து லீவரை இழுத்தாள், கெஞ்சினாள், கடைசியில் குத்தினாள். எஞ்சின் மட்டும் ஒன்றும் அறியாததுபோல் உறுமிக்கொண்டிருந்தது.

டுலூத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போய் வருவதாகக் கணவனிடம் சொல்லியிருந்தாள். போவது உண்மை. வருவதுதான் பொய்.

வெண்டெல் எழுந்திருக்கும் முன்பே காரைப் பின்பக்கமாகக் கராஜ் கதவருகே கொண்டுவந்து, சாமான்களை டிக்கியில் ஏற்றியிருந்தாள். இந்த லீவர் ஒன்றுதான் பாக்கி.

வெண்டெல் காபிக் கோப்பையோடு வந்துவிட்டான்.

அவள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தபோது நாலு நாள் கவனிக்காதவன். ஒரு லீவர் முரண்டு பிடிப்பது மட்டும் சுவர் தாண்டிக் காதில் விழுந்திருக்கிறது.

"கோலாவக் கொட்டியிருப்ப. சர்க்கரை இறுகுனா இப்படித்தான் ஒட்டிக்கும்."

"நான் கோலா குடிக்கிறத விட்டு எத்தனையோ வருஷமாச்சு."

"அப்படியா?" என்றான், லீவரைப் பார்த்து, காருக்குள் பாதி நுழைந்தபடி.

அந்தத் தெருவில் ஒரு காருக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், ஆண்கள் வந்துவிடுவார்கள். எதிர்வீட்டு ராஸ்கோ மடக்கு நாற்காலியோடு வந்தான். காரைத் தொடாமலேயே தீர்ப்புச் சொன்னான்.

"கியர்பாக்ஸே போச்சு. அடக்கம் பண்ணிடு."

"சும்மா இருடா. டோரீன், பிரேக்க மிதி."

மிதித்தாள். கண்ணாடியில் தெரிந்த கராஜ் கதவு வெள்ளையாகவே இருந்தது. சிவப்பு வெளிச்சம் விழவில்லை.

"அதான். சுவிட்ச் போயிருக்கு. நீ பிரேக்க மிதிக்கிறது வண்டிக்குத் தெரியல. தெரியாம அது கியர விடாது."

"லீவர் பக்கத்துல ஒரு மூடி இருக்குல்ல," என்றான் ராஸ்கோ. "அதை நெம்பிட்டு உள்ள ஸ்க்ரூ டிரைவரால அழுத்து. இப்பவே கிளம்பிடலாம்."

ராஸ்கோவை முத்தமிடலாம் போலிருந்தது அவளுக்கு.

"பின்விளக்கு எரியாம என் பொண்டாட்டிய ஹைவேக்கு அனுப்பவா? நீ வேணா உன் பொண்டாட்டிய அனுப்பு."

"அவ அப்பவே போயாச்சுப்பா. விளக்கெல்லாம் நல்லாத்தான் எரிஞ்சுது."

புது சுவிட்ச் கராஜிலேயே இருந்தது. வெண்டெலிடம் எல்லாமே இருந்தன, டப்பா டப்பாவாக, மேலே பெயர் எழுதி. தன்னை எந்த டப்பாவில் போட்டு வைத்திருப்பான் என்று யோசித்தாள்.

அவள் கால்களுக்கிடையே தலையை நுழைத்து மல்லாந்து படுத்து, சுவிட்சை மெல்லக் கழற்றினான். பழையதை ஊதிப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடு அதைத் தடவினான். கடைசியாக அவள் காலடிக்கு அவன் வந்தது மோதிரம் கொடுத்த அன்று. அன்றும் முட்டி வலிக்கிறதென்று சீக்கிரம் எழுந்துவிட்டான்.

"இப்ப மிதி."

கராஜ் கதவில் சிவப்பு விழுந்தது. எஞ்சினைக் கிளப்பினாள். லீவர் வெண்ணெய்போல் இறங்கியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தெரு.

"இரு இரு. இடது பக்கம் எரியல. பல்பு போயிருக்கு. போலீஸ்காரன் நிறுத்துவான்."

அந்த பல்பை டிக்கியைத் திறந்துதான் மாற்ற முடியும்.

"வேண்டாம் வெண்டெல். அக்கா ஊர்ல பாத்துக்கறேன்."

அவன் அதற்குள் பின்னால் போய்விட்டான்.

அப்போதுகூட அவள் போயிருக்கலாம். கால் எழவில்லை. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவன் தன்னுடைய எதையோ பார்க்கப் போகிறான். பார்க்கட்டுமே என்றிருந்தது.

டிக்கி மூடி எழுந்து கண்ணாடியை மறைத்தது.

உள்ளே தையல் மிஷின். அவளுடைய அம்மாவின் படம். கனத்த குளிர்கால மேல்கோட்டு. மாதமோ ஜூன்.

மேல்கோட்டைத் தூக்கிப் பார்க்கும் சரசரப்பு கேட்டது. பிறகு தையல் மிஷின் உரசி நகர்ந்தது. பல்பை எட்டுவதற்கு இடம் செய்துகொள்கிறான்.

மூடி மெதுவாக இறங்கியது. கராஜ் கதவில் இப்போது இரண்டு பக்கமும் சிவப்பு.

வெண்டெல் கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னலருகே வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து முன் டயரைப் பார்த்தான்.

"பனிக்கு மாட்டுற குளிர்கால டயரு கராஜுல கெடக்கே, அதுக்குன்னு திரும்பி வராத," என்றான். "அது தேஞ்சுபோச்சு. அங்கயே புதுசா வாங்கிக்க."