குலுக்கலில் விழுந்த கம்பு மூட்டை

அடையில் உட்கார்ந்திருந்த கோழியிடம் காகம் வந்தது. "அக்கா, அக்கரையில நடந்த குலுக்கல்ல உனக்கு ஒரு மூட்டை கம்பு விழுந்திருக்கு. தூக்கிவரக் கூலி ஒரு முட்டைதான்."

குஞ்சு பொரித்தால் தீனிக்கு ஆகுமே என்று கோழியும் ஒரு முட்டையைக் கொடுத்துவிட்டது.

மறுநாள் காகம்தான் வந்தது, மூட்டை வரவில்லை. "வழியில மடக்கி வெச்சிருக்காங்கக்கா. இன்னொரு முட்டை கொடுத்தா விட்டுடுவாங்க."

கோழி மிச்ச முட்டைகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. "நான் எந்தக் குலுக்கலுக்கும் போகலையே. சரி, மடக்கினவங்களுக்கு அந்தக் கம்புலயே கொஞ்சம் கொடுத்துடேன்."

"அதெல்லாம் முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டு, பக்கத்துப் புதரில் அடைகாத்த வாத்திடம் பறந்தது காகம்.

முட்டை கொடுத்தது யாருக்கும் தெரியக் கூடாதென்று வெட்கப்பட்டுக் கிடந்த கோழி, கழுத்தை நீட்டிக் கத்தியது. "வாத்தக்கா, அதை நம்பாதே. எனக்கு ஒரு முட்டை போச்சு."